2^1277 − 1: ஒரு காரணிகூடத் தெரியாது, ஆனால் பகு எண் என்று உறுதி. எப்படி?

சுழியன்

மெர்சென் எண்களின் (2-இன் ஓர் அடுக்கில் இருந்து 1 கழித்தால் வருபவை) காரணிகள் அடங்கிய ஓர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2^11 − 1 என்றால் 23 × 89. 2^23 − 1 என்றால் 47 × 178481. இப்படியே இறங்கி 2^1277 − 1 வரைக்கும் வந்தால் காரணிக்கான கட்டம் காலி. பக்கத்தில் 'பகு எண்' என்று மட்டும் போட்டிருக்கிறது.

பகு எண் என்றால் 1, தன்னைத் தவிர வேறொரு எண்ணாலும் வகுபட வேண்டும். அந்த வேறொரு எண்ணை யாருமே பார்த்ததில்லை என்றால் பகு எண் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தோராயமா, நிஜமாகவே நிரூபணமா? எண் அப்படி ஒன்றும் பிரமாண்டம் இல்லை. 385 இலக்கம்தான். 26019 என்று தொடங்கி 271 என்று முடிகிறது. கைப்பேசித் திரையிலேயே முழுசாக அடங்கிவிடும்.

மீதிக்கணக்கு

நிரூபணம்தான், தோராயம் இல்லை. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். 'இது பகா எண்ணா?' என்பது ஒரு கேள்வி. 'இதன் காரணிகள் என்ன?' என்பது வேறு. பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் நடந்தே தீர வேண்டிய ஒரு விஷயம் நடக்கவில்லை என்று காட்டிவிட்டால் முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவதற்கு அது ஒரு துப்பும் தராது.

மெர்சென் எண்களுக்கு அந்தச் சோதனை லூகாஸ்-லேமர். செய்முறை ரொம்பச் சின்னது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ப என்றால் இதை ப − 2 முறை செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இரண்டு பக்கமும் உறுதி, நடுவில் சந்தேகத்துக்கே இடமில்லை. (ப ஒற்றைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்.)

2^7 − 1, அதாவது 127-ஐ எடுங்கள். ஐந்து முறை செய்ய வேண்டும்: 4, 14, 67, 42, 111, 0. பகா எண்.

இப்போது 2^11 − 1 = 2047. ஒன்பது முறை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் வரவில்லை. எனவே பகு எண். இந்த வரிசையில் 23-ஐயோ 89-ஐயோ எங்காவது பார்த்தீர்களா?

2^1277 − 1-க்கு 1275 முறை செய்ய வேண்டும். இன்றைய மடிக்கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம். நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். கடைசியில் வருவது பூஜ்யம் இல்லை.

நள்ளிரவு நிரலர்

இப்போதுதான் பைத்தானில் ஓட்டினேன். 385 இலக்கத்துக்கு ஏதோ ஒரு பெரிய மீதி. பூஜ்யம் இல்லை. விநாடிகூட ஆகவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். கல்லூரியில் ஃபெர்மா சோதனை படித்தோம். 2-ஐ (எண் − 1) என்ற அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வராவிட்டால் பகு எண். அதையே போட்டுப் பார்த்தேன், மீதி 1 வந்தது! பகா எண் மாதிரியே நடிக்கிறதே?

மீதிக்கணக்கு

நடிக்கத்தான் செய்யும். மெர்சென் எண்களிடம் அடி எண் 2-ஐ வைத்து அந்தச் சோதனையைச் செய்வதில் பிரயோஜனமே இல்லை. நம் எண்ணை மெ என்று வைத்துக்கொள்ளுங்கள். மெ = 2^1277 − 1 என்பதால் 2^1277-ஐ மெ-யால் வகுத்தால் மீதி 1. மெ − 1 என்பது 2^1277 − 2. 1277 பகா எண் என்பதால் ஃபெர்மாவின் அதே தேற்றப்படி 2^1277 − 2 என்பது 1277-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆக 2-இன் அடுக்கு மெ − 1 என்பது, மீதி 1 தரும் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதுதான். 1 வராமல் எங்கே போகும்? அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்ணும் இதில் 'பாஸ்' ஆகிவிடும். 2047-உம் பாஸ்தான்.

பழைய வாத்தியார்

சுழியன் தம்பி, உங்களுக்கு வந்த இதே திகைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தாயிற்று. அப்போது இருந்த எண் 2^67 − 1.

மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் பகா எண் தரும் அடுக்குகள் என்று 67-ஐயும் 257-ஐயும் சேர்த்திருந்தார். இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 67 தவறு என்று காட்டியவர் பிரான்ஸின் எதுவார் லூகாஸ், 1876-இல். மீதிக்கணக்கு சொன்ன சோதனையின் மூல வடிவம் அவருடையதுதான். 1930-இல் டி. எச். லேமர் அதை இன்றைய வடிவத்துக்குச் செதுக்கினார். லூகாஸும் காரணி எதையும் சொல்லவில்லை. 'பகா எண் இல்லை' என்பதோடு அவர் வேலை முடிந்தது.

காரணி கிடைக்க 27 வருஷம் ஆயிற்று. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃப்ராங்க் நெல்சன் கோல் ஒரு கட்டுரை வாசிக்க வந்தார். வாயே திறக்காமல் கரும்பலகையில் 2^67 − 1-ஐக் கணக்கிட்டு எழுதினார், அடுத்த பக்கத்தில்

193707721 × 761838257287

என்று எழுதிப் பெருக்கினார், இரண்டும் 147573952589676412927 என்று வந்ததும் பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று கதை. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்று என்று அவர் சொன்னதாகவும் சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது, நான் வகுப்பில் பிள்ளைகளை விட்டுச் செய்ய வைத்திருக்கிறேன்.

நேர்ப்பேச்சு

அது 21 இலக்கம், பேனாவை வைத்துச் செய்தார்கள். இன்று இவ்வளவு கணினி இருக்கிறது. 3, 5, 7 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் ஒரு நாள் கிடைத்துவிடாதா? இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?

மீதிக்கணக்கு

கிடைக்காது. மோசமான நிலையில் வர்க்கமூலம் வரைக்கும் போக வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கே 193 இலக்கம்.

அப்புறம் 3, 5, 7 எல்லாம் தொடவே வேண்டாம். இந்த எண்ணுக்கு யார் காரணியாகலாம் என்பதற்கே கடுமையான விதி இருக்கிறது. கா என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் 2-இன் அடுக்குகளைக் கா-வால் வகுத்துக்கொண்டே போனால், 1277-ஆவது அடுக்கில் மீதி 1. 1277 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் எங்கேயும் மீதி 1 வந்திருக்க முடியாது. ஃபெர்மா தேற்றப்படி கா − 1 என்ற அடுக்கிலும் மீதி 1 வரும். ஆக 1277 என்பது கா − 1-ஐ வகுக்கிறது. கா ஒற்றை எண், எனவே 2-உம் வகுக்கிறது. முடிவு: கா = 2554 × க + 1.

இன்னொரு சல்லடையும் உண்டு. 1277 ஒற்றை எண் என்பதால் 2 என்பது கா-வைப் பொறுத்து ஒரு வர்க்க மீதி (அதாவது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தைக் கா-வால் வகுத்தால் மீதி 2 வரும்). அது நடக்க வேண்டுமானால் கா-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் க-வுக்கு 3, 4, 7, 8, 11, 12, 15... இவைதான் மிஞ்சும்.

இப்போது வரிசையாகப் பாருங்கள்.
க = 3: 7663 = 79 × 97. பகா எண் இல்லை, தள்ளு.
க = 4: 10217 = 17 × 601. தள்ளு.
க = 7: 17879 = 19 × 941. தள்ளு.
க = 8: 20433, 3-ஆல் வகுபடும்.
க = 11: 28095, 5-இல் முடிகிறது.
க = 12: 30649. பகா எண்!

30649-க்குக் கீழே இருக்கும் மூவாயிரத்துச் சொச்சம் பகா எண்களில் ஒன்றுகூட இதை வகுக்க முடியாது, வகுத்துப் பார்க்காமலே.

நள்ளிரவு நிரலர்

அட, இது நன்றாக இருக்கிறதே. 30649 வகுக்கிறதா?

மீதிக்கணக்கு

இல்லை. கையாலேயே செய்யலாம். 1277-ஐ இரும எண்ணாக எழுதினால் 10011111101. இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, 1 இருக்கும் இடத்தில் 2-ஆல் பெருக்கி, 30649-ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்:

2^9 → 512
2^19 → 3255
2^39 → 11591
2^79 → 2779
2^159 → 29235
2^319 → 14422
2^638 → 9970
2^1277 → 12386

காரணி என்றால் கடைசி மீதி 1 வந்திருக்க வேண்டும். 12386 வந்தது. ஆகவே 30649 காரணி இல்லை.

385 இலக்க எண்ணை எங்கேயாவது எழுதினோமா என்று பாருங்கள். வகுபடுமா என்று பார்க்க அந்த எண்ணே தேவையில்லை, அடுக்கு போதும். மெர்சென் எண்களைக் காரணிப்படுத்துகிறவர்கள் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய வாத்தியார்

கைக்கணக்கு என்றால் சரிபார்ப்பும் வேண்டும், இல்லாவிட்டால் மார்க் கிடையாது. இதற்கு ஓர் அழகான சரிபார்ப்பு இருக்கிறது.

30649 − 1 = 24 × 1277. 2 வர்க்க மீதி என்பதால் 2-இன் அடுக்கு 12 × 1277-இலேயே மீதி 1 வந்துவிடும். அதாவது மீதிக்கணக்கு கொண்டுவந்த 12386-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1 வர வேண்டும். வர்க்கப்படுத்தினேன்: 14751. மறுபடி வர்க்கப்படுத்தினேன்: 14750. சரியாக ஒன்று குறைகிறது! நான்காம் அடுக்கு = இரண்டாம் அடுக்கு − 1. இது பன்னிரண்டாம் மூலத்தின், அதாவது பன்னிரண்டு முறை பெருக்கினால்தான் முதல் தடவையாக 1 தரும் எண்ணின் சமன்பாடேதான். இதற்கு மேல் பெருக்கத் தேவையே இல்லை, கணக்கு சரி. வழியில் எங்காவது ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இந்த ஒற்றுமை வந்திருக்காது.

ஓய்வு பெற்ற பிறகும் இந்த மாதிரி ஒன்று வந்து விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்குகிறது.

சுழியன்

இப்போது கொஞ்சம் தெளிவாகிறது. 1277-க்கு அடுத்து 1279. இரண்டும் இரட்டைப் பகா எண்கள், அதாவது 2 மட்டுமே இடைவெளி உள்ள பகா எண் ஜோடி. 2^1279 − 1 அட்டவணையில் பகா எண் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடு, ஆனால் விதி வேறா?

பழைய வாத்தியார்

பக்கத்து வீடு மட்டும் இல்லை, நேரடி உறவும்கூட. 2^1279 − 1 என்பது நம் எண்ணை 4-ஆல் பெருக்கி 3 கூட்டினால் வருவது. இரும எண்ணில் பார்த்தால் நம் எண் வரிசையாக 1277 ஒன்றுகள். கூட இரண்டு ஒன்று சேர்த்தால் பகா எண்.

அதைக் கண்டுபிடித்தது 1952 ஜூன் 25-இல், லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த ஸ்வாக் என்ற கணினியில். நிரல் எழுதியவர் பெர்க்லியின் ரஃபேல் ராபின்சன். அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமலே, கையேட்டை வைத்து நிரல் எழுதி அனுப்பினார். ஜனவரி 30-ஆம் தேதி முதல் ஓட்டத்திலேயே 521, 607 இரண்டும் விழுந்தன. அப்புறம் 1279, 2203, 2281. இந்த அடுக்குகளையெல்லாம் வரிசையாகச் சோதித்துக்கொண்டு போனபோதுதான் 1277 'பகு எண்' என்று ஒதுக்கப்பட்டது. 2^67 − 1-க்கு 27 வருஷம். இது எழுபதைத் தாண்டிவிட்டது.

நேர்ப்பேச்சு

பகா எண் என்று நிரூபிப்பது சுலபம், காரணி காண்பது கஷ்டம். அவ்வளவுதானே விஷயம்?

மீதிக்கணக்கு

ஆமாம், ஆனால் எவ்வளவு கஷ்டம் என்பதில்தான் சுவாரஸ்யம். 2024 அக்டோபரில், மெர்சென் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் திட்டம் அறிவித்த 2^136279841 − 1-க்கு 4 கோடியே 10 லட்சம் இலக்கத்துக்கும் மேல். அது பகா எண் என்று அறுதியாகச் சொல்லியாயிற்று. இந்த 385 இலக்கத்திடம் அதே உலகம் திணறுகிறது.

சும்மா விட்டுவைக்கவும் இல்லை. 2554 × க + 1 வடிவ எண்களை ரொம்ப தூரம் வரைக்கும் வகுத்துப் பார்த்தாயிற்று. அடுத்து பொலார்டின் ப − 1 முறை. காரணியில் இருந்து 1 கழித்தால் சின்னச் சின்னக் காரணிகளாக உடைய வேண்டும், அப்போதுதான் சிக்கும். இங்கே 2554 ஏற்கனவே கையில் இருப்பதால் கொஞ்சம் சலுகை. ஆனாலும் சிக்கவில்லை. அப்புறம் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் எலிப்டிக் கர்வ் முறை. அதில் ஒவ்வொரு வளைவும் ஒரு புது முயற்சி. அதில் ஏகப்பட்ட வளைவுகளை ஓட்டிவிட்டார்கள். 60 இலக்கத்துக்குக் குறைந்த காரணி இருந்திருந்தால் இந்நேரம் அகப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். வாய்ப்புதான், இதில் நிரூபணம் கிடையாது. அந்த முறையில் 2013-இல் ஒரு 83 இலக்கக் காரணியே கிடைத்திருக்கிறது, ஆனால் அது அபூர்வம்.

மிச்சம் இருப்பது நம்பர் ஃபீல்ட் சீவ் என்ற காரணிப்படுத்தும் முறை. 2^1277 − 1 மாதிரி எளிய வடிவம் உள்ள எண்களுக்கு அதிலேயே ஒரு சிறப்பு வகை உண்டு. காரணி சின்னதா பெரியதா என்று அதற்குக் கவலை இல்லை, எண்ணின் அளவுதான் கணக்கு. இதற்கு முன்னால் காலியாக இருந்த கட்டம் 2^1061 − 1, 320 இலக்கம். அதை 2012-இல் இப்படித்தான் உடைத்தார்கள்: 143 இலக்கம் ஒன்று, 177 இலக்கம் ஒன்று. 2014-இல் அர்யன் லென்ஸ்ட்ரா (மேலே சொன்ன ஹென்ட்ரிக் வேறு, இவர் வேறு) உள்ளிட்ட மூவர் அடுக்கு 1000-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட 17 எண்களை ஒரே திட்டத்தில் உடைத்தார்கள். 1277 அதற்கும் மேலே. செய்ய முடியாதது இல்லை, யார் மின்சாரச் செலவு செய்வது என்பதுதான் கேள்வி.

நள்ளிரவு நிரலர்

ஆர்எஸ்ஏ என்ற ரகசியப் பூட்டு முறையின் சவால் எண் ஆர்எஸ்ஏ-250-ஐ உடைத்தார்களே 2020-இல், அது 250 இலக்கம்தானே? அதற்கே ஒற்றை கோர் கணக்கில் சுமார் 2700 ஆண்டு ஆனதாகப் படித்தேன். 385 என்றால் கனவிலும் முடியாதே?

மீதிக்கணக்கு

இலக்கத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். ஆர்எஸ்ஏ எண்ணுக்கு வடிவமே கிடையாது, வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தது. அதனால் சீவின் பொது வகைதான் ஓடும். நம் எண்ணுக்குச் சிறப்பு வகை ஓடும். அது எவ்வளவோ இலேசு. அதே காரணத்தால் யாரும் இந்த எண்ணை வைத்து ரகசியம் பூட்டவும் மாட்டார்கள்.

நேர்ப்பேச்சு

சரி, உடைத்தால் யாருக்கு என்ன லாபம்? வங்கிப் பூட்டும் இல்லை, பரிசும் இல்லை.

பழைய வாத்தியார்

லாபம் ஒன்றும் இல்லை. கோலுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் கட்டங்களை நிரப்பப் போன இடத்தில்தான் மேலே சொன்ன முறைகளில் பலவும் தீட்டப்பட்டன. ஆர்எஸ்ஏ பூட்டுக்கு இன்று எத்தனை இலக்கம் போட வேண்டும் என்று முடிவு செய்வதே அந்த முறைகளின் வேகத்தைப் பார்த்துத்தான். பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டாம். கிரிக்கெட் ஸ்கோருக்கு இதே கேள்வியைக் கேட்பீர்களா?

சுழியன்

கடைசியாக ஒன்று. காரணி தெரியாவிட்டாலும் அவற்றைப் பற்றி வேறென்ன உறுதியாகச் சொல்லலாம்? எத்தனை காரணி, ஏதாவது காரணி இரண்டு முறை வருமா, இப்படி?

மீதிக்கணக்கு

எத்தனை என்று தெரியாது. இரண்டாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். ஆனால் இதைச் சொல்லலாம்: நம் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 7. காரணிகளின் மீதி 1 அல்லது 7 மட்டும்தான். 7-ஐ 7-ஆல் பெருக்கினால் 49, மீதி 1 ஆகிவிடும். எனவே மீதி 7 தரும் காரணிகள் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டே காரணி என்றால் ஒன்று இந்த வகை, மற்றது அந்த வகை. 23 × 89-இல் பாருங்கள், 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. கோலின் இரண்டு எண்களிலும் சின்னதற்கு 1, பெரியதற்கு 7.

ஒரே காரணி இரண்டு முறை வருவது பற்றி: வரவே வராது என்று நிரூபணம் இல்லை. அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்களுக்கும் பொதுவாக அப்படி ஒரு நிரூபணம் கிடையாது. ஆனால் வந்தால் அந்தக் காரணி வீஃபெரிக் பகா எண்ணாக இருந்தாக வேண்டும், அதாவது 2^(கா − 1) − 1 என்பது கா-வின் வர்க்கத்தாலேயே வகுபட வேண்டும். அந்த ஜாதியில் இதுவரை தெரிந்தவை இரண்டே இரண்டு: 1093, 3511. இரண்டுமே 2554 × க + 1 வடிவத்தில் இல்லை, ஆகவே இங்கே செல்லாது. மூன்றாவதாக ஒன்றை உலகமே தேடிக்கொண்டிருக்கிறது, கிடைக்கவில்லை.

நள்ளிரவு நிரலர்

30649-க்கு அடுத்த வேட்பாளரை நானே பிடித்தேன். க = 15 என்றால் 38311 = 7 × 5473. 16 என்றால் 40865, 5-இல் முடிகிறது. 19 என்றால் 48527, பகா எண். அதுவும் வகுக்கவில்லை. நிரலை இரவு முழுக்க ஓடவிடப் போகிறேன்.

மீதிக்கணக்கு

ஓடட்டும், கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் உங்கள் நிரல் ஓர் இரவில் போகும் தூரத்தை மற்றவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள், அங்கே எதுவும் மிச்சமில்லை. நிஜமாகவே முயல வேண்டுமென்றால் வகுத்தலை விட்டுவிட்டு எலிப்டிக் கர்வ் முறைக்கு வாருங்கள். இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லைகளை 65 இலக்கத்துக்கு மேல் குறிவைத்துப் போடுங்கள், அதற்குக் கீழே போடுவது வீண். எந்த எல்லையில் எத்தனை வளைவு ஓட்டினீர்கள் என்று குறித்துவைத்து இங்கேயே போடுங்கள்.